அடுத்த ஞாயிறு செய்தி உங்கள் பொறுப்பா?

ஆயர் வெளியூர் போகிற ஞாயிறு ஒன்று வரும். அதற்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் நீங்க செய்தி கொடுத்திருங்க" என்பார். செய்தி என்றால் ஆராதனையில் பண்ணுகிற பிரசங்கம். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. வேதாகமக் கல்லூரி வாசலை மிதிக்காத, வாலிபர் கூட்டத்திலோ ஓய்வுநாள் பள்ளியிலோ கொஞ்சம் பேசிப் பழகிய ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் கையில் ஒரு வாரம் இருக்கிறது. அது போதும்.

எனக்கு முதல் வாய்ப்பு ஒரு ஜனவரியில் வந்தது, வருஷத்தின் முதல் ஞாயிறு. புது வருஷ ஆராதனையில் சபையார் ஆளுக்கொரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுத்திருந்தார்கள். பலர் கையில் எரேமியா 29:11 இருந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." இந்த வருஷம் நீங்கள் எதிர்பார்த்திருக்கிற முடிவு வீடு தேடி வரும் என்று சொன்னேன். ஆமென் பலமாக வந்தது. வெளியே வந்தபோது ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் வாரத்துக்கு 2 தடவை டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். "அப்போ இந்த வருஷம் அவங்களுக்குச் சுகமாயிரும்னு சொல்றீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். "நிச்சயமா அக்கா, விசுவாசியுங்க" என்றேன்.

ஆகஸ்டில் அடக்க ஆராதனை நடந்தது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவன் சொல்லாத ஒன்றை அவர் பெயரைச் சொல்லி நான் கொடுத்திருக்கிறேன் என்பது, அதற்குப் பிறகு அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து உட்கார்ந்து வாசித்தபோதுதான் தெரிந்தது. அதனால் கீழே உதாரணத்துக்கும் அதே எரேமியா 29ஐத்தான் எடுக்கிறேன்.

பிரசங்கம் என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் நெகேமியா 8:8இல் இருக்கிறது. எஸ்றா மரத்தால் செய்த பிரசங்கபீடத்தில் நிற்கிறார், ஜனங்கள் தண்ணீர்வாசலுக்கு முன்னே கூடியிருக்கிறார்கள். லேவியர் புஸ்தகத்தைத் தீர்க்கமாக வாசித்து, அர்த்தம் சொல்லி, வாசித்ததை ஜனங்களுக்கு விளங்கப்பண்ணினார்கள். வாசிப்பது, அர்த்தம் சொல்வது, விளங்கப்பண்ணுவது. இந்த வாரம் நீங்கள் செய்யப்போவது இந்த மூன்றுதான்.

திங்கள்: பகுதியை எடுப்பது

உங்கள் சபையில் ஞாயிறு வேதபாட அட்டவணை இருந்தால் கவலையே இல்லை. அன்றைக்குக் குறித்திருக்கிற பாடங்களில் ஒன்றை எடுங்கள். இல்லையென்றால் ஆயரிடமே கேளுங்கள். தனி ஒரு வசனத்தை எடுக்காதீர்கள். 10 முதல் 15 வசனங்கள் உள்ள ஒரு முழுப் பகுதியாக எடுங்கள். தனி வசனம் நாம் இழுத்த பக்கம் வரும். முழுப் பகுதியோ நம்மைத் தன் பக்கம் இழுக்கும். முதல் தடவைக்குச் சுவிசேஷத்தில் ஒரு சம்பவம் அல்லது ஒரு சங்கீதம் நல்லது. வெளிப்படுத்தின விசேஷம் இப்போது வேண்டாம்.

"கர்த்தர் எனக்கு என்ன பாரம் கொடுக்கிறாரோ அதைப் பேசுவேன்" என்கிறவர்கள் உண்டு. பாரம் வரட்டும், ஆனால் அது வாசிப்பிலிருந்து வரட்டும். ஜெனீவா நகரத்தார் 1538இல் தங்கள் போதகரான ஜான் கால்வினை வெளியே அனுப்பினார்கள். 1541 செப்டம்பரில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பழைய வழக்கைப் பேச நல்ல சந்தர்ப்பம். அவரோ 3 வருஷத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்தே வசனத்தைத் தொடர்ந்தார். தனக்குப் பேசத் தோன்றுவதை ஒதுக்கிவைத்துவிட்டு, அடுத்து வருகிற பகுதி என்ன சொல்கிறதோ அதற்குக் கீழ்ப்படிகிறவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

செவ்வாய், புதன்: வாசிப்பது

இரண்டு நாளும் வாசிப்பு மட்டும். விளக்கவுரை வேண்டாம், யூடியூப் செய்தி வேண்டாம். அதைக் கேட்டுவிட்டால் அந்த ஊழியக்காரரின் குரல்தான் உங்கள் காதில் ஓடும், வசனம் ஓடாது. பகுதியைச் சத்தமாக 10 தடவை வாசியுங்கள். ஒரு தடவை நோட்டில் கையால் எழுதுங்கள். கண் தாண்டிப்போகிற வார்த்தையைக் கை தாண்டாது.

அப்புறம் கேள்விகள். யார் பேசுகிறார், யாரிடம், எப்போது, என்ன நடந்ததால்? எரேமியா 29இல் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முதல் மூன்று வசனங்களிலேயே பதில் இருக்கிறது. இது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், யூதாவின் எகொனியா ராஜாவையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனான். எரேமியா எருசலேமில் இருந்துகொண்டு, போனவர்களுக்கு எழுதுகிறார். அந்த வழி எவ்வளவு நீளம் என்று தெரிய எஸ்றா 7:9 பாருங்கள்: பிற்காலத்தில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேம் வந்துசேர 4 மாதம் ஆகியிருக்கிறது.

ஒரு அதிகாரம் பின்னால் போய் 28ஐயும் வாசியுங்கள். அங்கே அனனியா என்கிற தீர்க்கதரிசி, இன்னும் 2 வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில், ஆசாரியர்கள் முன்னிலையில் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். கூட்டத்துக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் நம்முடைய கடிதம் இருக்கிறது. அது என்ன சொல்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிவையுங்கள். சீக்கிரம் திரும்பப்போகிறவன் தோட்டம் போடமாட்டான். 10ஆம் வசனம் கணக்கையே சொல்லிவிடுகிறது: 70 வருஷம்.

நான் தூக்கிப்பிடித்த 11ஆம் வசனம் இந்த 70 வருஷத்துக்கு அடுத்த வரி. கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்கும் இந்த வாக்குத்தத்தம் உண்மைதான். ஆனால் நான் சொன்ன விதத்தில் அல்ல. 8, 9 வசனங்களில் கர்த்தர், நான் அனுப்பாதவர்கள் என் பெயரைச் சொல்லிப் பொய் சொல்கிறார்கள், ஏமாறாதிருங்கள் என்கிறார். அந்த வரிகளில் வந்ததும் நான் வேதத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வார்த்தைகளோடு கொஞ்ச நேரம்

தமிழில் பிரசங்கம் பண்ணுகிறவருக்கு ஒரு சிலாக்கியம் உண்டு. 1715இலேயே தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்துவிட்டார். அதற்குப் பின் பெப்ரீசியஸ், ரேனியஸ், போவர் என்று எத்தனையோ பேர் உழைத்த வேலை நம் கையில் இருக்கிறது. ஆனால் பழைய மொழிபெயர்ப்பின் சில வார்த்தைகள் இன்றைக்கு நம் காதில் வேறு மாதிரி விழுகின்றன. ஆகவே 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். இரண்டும் வேறுபடுகிற இடத்தில் நில்லுங்கள். தோண்டவேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

"எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்பதைப் பாருங்கள். விசா ரிசல்ட், பரீட்சை ரிசல்ட், ஸ்கேன் ரிசல்ட் என்று காத்திருக்கிறவர் காதில் அது "நான் நினைத்தது நடக்கும்" என்றே விழும். என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. எபிரெயத்தில் அங்கே இருப்பவை இரண்டு சொற்கள்: பின்வரும் காலம், நம்பிக்கை. திருவிவிலியம் "எதிர்காலத்தையும் நம்பிக்கையையும்" என்று இரண்டையும் பிரித்தே தருகிறது. அந்த எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறவர் கர்த்தர். நம் எதிர்பார்ப்பின் பட்டியலுக்கு அவர் கையெழுத்துப் போடுவதாக அந்த வசனத்தில் இல்லை.

அடுத்து "சமாதானம்". நம் ஊரில் சண்டை போட்டவர்களைச் சமாதானம் பண்ணுவோம், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவோம். எபிரெயத்தின் ஷாலோம் அதைவிடப் பெரியது. உடம்பு, வீடு, தொழில், ஊர் எல்லாம் குறைவில்லாமல் இருக்கிற நிலை. 11ஆம் வசனத்தில் திருவிவிலியம் அதை "நல்வாழ்வு" என்கிறது. இதே சொல் 7ஆம் வசனத்திலும் வருகிறது, யாருக்காக என்று கவனியுங்கள்: உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் இருக்கும். 11ஐ அட்டையில் அச்சடிக்கிற நாம் 7ஐ அச்சடிப்பதில்லை.

மூன்றாவது, "நீங்கள்". இன்றைய தமிழில் மரியாதைக்கு ஒருவரையும் நீங்கள் என்போம். பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரிடம் பேசினால் நீ அல்லது நீர். நீங்கள் என்றால் பலர். எரேமியா பேசுவது ஒரு ஜனத்தோடு. அதை என் ஒருத்தனுக்கு வந்த அட்டையாக வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை வெளியே தள்ளிவிடுகிறேன்.

எபிரெயு, கிரேக்கு தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள். இந்த மாதிரி இடங்களை ஆயரிடம் போனில் கேட்கலாம், வியாழக்கிழமைக்குப் பிறகு நல்ல விளக்கவுரை ஒன்றைத் திறக்கலாம். கேட்டு அறிந்துகொண்டதை அளவோடு சொல்லுங்கள். "மூலபாஷையில்" என்று ஒரு செய்தியில் ஒரு தடவைக்கு மேல் சொன்னால், தன் கையில் இருக்கிற தமிழ் வேதம் போதாது என்று சபை நினைக்க ஆரம்பித்துவிடும்.

வியாழன்: ஒரே வாக்கியம்

இந்தப் பகுதி அன்றைக்கு அவர்களுக்கு என்ன சொன்னது? ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் புதன்கிழமை வேலைக்குத் திரும்பிப் போங்கள். என் நோட்டில் இப்போது இருக்கிற வாக்கியம் இது: "திரும்பிப் போகிற நாளைக் கர்த்தர் வைத்திருக்கிறார், அதுவரைக்கும் அவர் கொண்டுபோய் வைத்த ஊரில் நடப்பட்டவர்களாய் வாழுங்கள்."

வாக்கியம் கிடைத்துவிட்டால் அதற்குச் சம்பந்தமில்லாத எதையும் எடுத்துவிடலாம். தமிழ்ப் பிரசங்கத்துக்கு மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கவேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. ஞாபகத்தில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது தலைப்புக்கு "ப"வில் வார்த்தை தேடும்போது, வசனத்தில் இல்லாத ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. பகுதியில் இரண்டு கருத்து இருந்தால் இரண்டே சொல்லுங்கள்.

பழைய ஏற்பாட்டிலிருந்து பேசினால், கிறிஸ்துவிடம் எப்படி வருவது என்ற கேள்வி வரும். கடைசி ஐந்து நிமிஷத்தில் எங்கிருந்தோ சிலுவைக்குத் தாவாதீர்கள். வேதமே வழி போட்டிருக்கும், தேடுங்கள். எரேமியா 29:2இல் பிடிபட்டுப் போன எகொனியா இருக்கிறான் அல்லவா? மத்தேயு முதலாம் அதிகாரத்தின் வம்சவரலாற்றை எடுங்கள், ஆராதனையில் பெரும்பாலும் நாம் தாண்டிவிடுகிற பகுதி. 12ஆம் வசனம்: பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனபின்பு எகொனியா சலாத்தியேலைப் பெற்றான். அந்த வரிசை 16ஆம் வசனத்தில் இயேசுவில் வந்து நிற்கிறது. பாபிலோனில் கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று அந்தக் கடிதம் சொன்னதே, அப்படிப் பிறந்த பிள்ளைகளின் வழியில்தான் மேசியா வந்தார். இதைக் கண்டபோது எனக்குக் கண்ணீர் வந்தது. சபைக்கும் இதை அவசரப்படாமல் காட்டுங்கள், மத்தேயுவைத் திறக்க நேரம் கொடுங்கள்.

வெள்ளி: எதிரே உட்காருகிறவர்கள்

வெறும் வசனத்தோடு பீடத்தில் ஏறினால் அது வகுப்பாகிவிடும். வெள்ளிக்கிழமை உங்கள் சபையின் இருக்கைகளை ஒவ்வொன்றாக மனதில் நினைத்துப் பாருங்கள். மகன் வளைகுடாவில், தான் மட்டும் வீட்டில் இருக்கிற அம்மா. வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, 8 வருஷமாகியும் "இது நம்ம ஊர் இல்லை" என்று சொல்கிற தம்பதி. வரன் தட்டிப்போகிற பிள்ளை. போனில் வேதாகமம் திறந்திருக்கிற, கூடவே வாட்ஸ்அப்பும் திறந்திருக்கிற வாலிபன். குடும்பத்தில் தான் ஒருத்தி மட்டும் சபைக்கு வருகிற புதிய சகோதரி. ஒவ்வொருவரும் உங்கள் வாக்கியத்தைக் கேட்டால் என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள்.

எரேமியாவின் கடிதம் அந்தத் தம்பதிக்கு நேராகப் பேசுகிறது: மரம் நடுங்கள், பக்கத்து வீட்டார் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், இந்த ஊரின் தண்ணீருக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் ஜெபியுங்கள். அந்த ஊரில் அநேகர் வேறு தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் என்பதும் 7ஆம் வசனத்துக்குள் இருக்கிறது. பாபிலோன் வேறென்ன? இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அதற்காக அதை விட்டுவிட உங்களுக்கு உரிமை கிடையாது. வசனம் எங்கே சபையைக் குத்துகிறதோ அங்கே குரலை இறக்காதீர்கள். வசனம் குத்தாத இடத்தில் நீங்களாகக் குத்தவும் வேண்டாம். யாரோ ஒருவர்மேல் உள்ள வருத்தத்தைப் பீடத்திலிருந்து தீர்த்துக்கொள்வது பெரிய பாவம் என்றே நினைக்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவர் எழுந்து பதில் சொல்ல முடியாது.

டயாலிசிஸ் போகிற வீட்டுக்கு என்ன சொல்வது? இதை யோசிக்காமல் பீடத்தில் ஏறவே ஏறாதீர்கள். "இந்த வருஷம் சுகம்" என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. 12, 13 வசனங்கள் சொல்வது இது: நீங்கள் கூப்பிடும்போது கேட்பேன், முழு இருதயத்தோடு தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள். எருசலேமில் ஆலயம் இருந்தது, பாபிலோனில் ஆலயம் இல்லை. அங்கேயும் கேட்பேன் என்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இதை நான் தைரியமாகச் சொல்லலாம். சுகத்துக்காக அவர்களோடு சேர்ந்து ஜெபிக்கலாம். தேதி மட்டும் கொடுக்க முடியாது.

சனி: எழுதி, வாய்விட்டுச் சொல்வது

முதல் தடவை முழுசாக எழுதிவிடுங்கள். குறிப்பு மட்டும் போதும் என்பவர்களுக்குப் பல வருஷப் பழக்கம் இருக்கிறது. 25 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் சமையலறையில் இருக்கிறவர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பேசும்போது நாக்கு தடுக்குகிற வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். "மனரம்மியம்", "ஆக்கினை" போன்றவை வசனத்தில் வந்தால் வாசித்துவிட்டு, அடுத்த மூச்சில் "மனநிறைவு", "தண்டனை" என்று சொல்லிவிடுங்கள். புதிதாக வந்த சகோதரிக்கு அது பெரிய உபகாரம்.

உதாரணக் கதைகளில் கவனம் தேவை. வாட்ஸ்அப்பில் வந்த "ஒரு நாத்திக விஞ்ஞானி" கதை உண்மைதானா என்று தெரியாவிட்டால் சொல்லாதீர்கள். பொய்யான கதையைக் கொண்டு மெய்யான வசனத்தை விளக்க முடியாது. பிள்ளைகள் அங்கேயே போனில் தேடிப் பார்த்துவிடுகிறார்கள். ஜெபத்துக்காக உங்களிடம் யாராவது சொன்ன குடும்ப விஷயத்தைப் பெயர் மாற்றியும் சொல்லாதீர்கள். சபை சின்னது, யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஞாயிறு

பகுதியை நீங்களே மெதுவாக வாசியுங்கள். ஜனங்கள் வேதாகமத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். அந்த அரை நிமிஷம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. மைக்கை விழுங்காதீர்கள். ஆமென் வரவில்லையே என்று "ஆமென் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கவேண்டாம், "பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துச் சொல்லுங்க" என்பதும் வேண்டாம். முதல் செய்தியில் அமைதியாகக் கேட்கிற சபையைப் பார்த்தால் தோல்வி போலத் தோன்றும். நெகேமியா 8இல் வசனம் விளங்கினபோது ஜனங்கள் அழுதார்கள் என்றுதான் இருக்கிறது. முடிக்கவேண்டிய வாக்கியம் வந்ததும் முடித்துவிடுங்கள்.

அப்புறம் வாசலில் நில்லுங்கள். "நல்லா இருந்துச்சு" என்பவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். கேள்வி கேட்கிறவரிடம் கூடுதலாக நில்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, குறிப்புத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை இரண்டாம் முறையாக, பல வருஷம் கழித்துப் பேசினபோது 14ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டேன். வாசலில் ஓய்வுநாள் பள்ளிப் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, அந்த லெட்டருக்கு அவங்க ரிப்ளை போட்டாங்களா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். வீட்டுக்கு வந்து அதிகாரத்தை முடிவுவரை வாசித்தேன். 24ஆம் வசனத்திலிருந்து இருக்கிறது. பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் எருசலேமில் இருந்த ஆசாரியனுக்குக் கடிதம் போட்டிருக்கிறான்: சிறையிருப்பு நெடுங்காலம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று எழுதி அனுப்பினானே அந்த எரேமியா, அவனை நீ ஏன் இன்னும் கண்டிக்கவில்லை? அடுத்த ஞாயிறு பையனைத் தேடிப்போய், வேதத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினேன். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசித்தோம்.